அமெரிக்கத் தென்மாநிலப் பலகாரங்கள்: ஓவன் வைத்திருப்போருக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஜார்ஜியா, அலபாமா, டென்னசி, லூசியானா போன்ற அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனிப்புகள் வீட்டு அடுப்படியில் பிறந்தவை. அவற்றை வளர்த்ததில் பெரும்பங்கு கறுப்பினப் பெண்களுடையது. அடிமை முறை இருந்த காலத்திலும் அதற்குப் பிறகும் பிறர் வீட்டு அடுப்புகளின் முன் நின்றவர்கள் அவர்கள். மோர், மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கனிந்த பழம் என்று கைக்கு எட்டியதைக் கொண்டே செய்தார்கள். அதனால் நாமும் அரிய சாமான்களைத் தேடி அலைய வேண்டாம். எது குளிர்ந்திருக்க வேண்டும், எது சூடாக இருக்க வேண்டும், எங்கே புளிப்பு சேர வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றது கைக்குப் பழகிவிடும்.

1. முதலில் அளவு. அமெரிக்கச் செய்முறையில் ஒரு கப் என்றால் 240 மில்லி. மைதாவைக் கரண்டியால் கப்பில் போட்டு மேலே வழித்தால் 120 முதல் 125 கிராம் வரும். கப்பையே மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு இறுகி 150 கிராமைத் தொட்டுவிடும். கேக் வறண்டு போக இது ஒன்றே போதும். வெண்ணெய் ஒரு ஸ்டிக் என்றால் 113 கிராம். டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. ஓவன் சூடு ஃபாரன்ஹீட்டில் இருக்கும்: 325 என்றால் 165 டிகிரி செல்சியஸ், 350 என்றால் 175, 425 என்றால் 220, 450 என்றால் 230. இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஓவன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். வெண்ணெய் எப்போதும் உப்பில்லாததாக இருக்கட்டும்.

2. தென்மாநில வீடுகளில் பெயர்பெற்ற மாவு ‘ஒயிட் லில்லி’. 1883இல் டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் தொடங்கிய ஆலை அது. ‘குளிர்காலக் கோதுமை’ எனப்படும் மென்கோதுமையில் அரைப்பதால் புரதம் குறைவு. பலகாரம் பஞ்சாக வரும். நம் மைதாவை அதற்குப் பக்கத்தில் கொண்டுவர, ஒரு கப் மைதாவில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டு அதே அளவு கார்ன்ஃப்ளார் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். ‘செல்ஃப் ரைசிங்’ மாவு என்று செய்முறையில் கண்டால், ஒரு கப் மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு கலந்துவிட்டால் போதும்.

3. அமெரிக்கக் கடைகளில் ‘பட்டர்மில்க்’ என்று விற்பது உறை ஊற்றிய கெட்டியான பால். நம் நீர்மோரை அந்த அளவுக்கு ஊற்றினால் மாவு குழைந்துவிடும். முக்கால் கப் புளித்த கெட்டித் தயிரில் கால் கப் தண்ணீர் விட்டு அடித்தால் சரியான பதம் கிடைக்கும். இந்தப் புளிப்பு சுவைக்கு மட்டும் சேர்ப்பதில்லை. சமையல் சோடாவுடன் சேர்ந்து வாயுவை எழுப்பி மாவை உப்ப வைப்பது இதுதான். ஒரு கப் புளித்த மோருக்கு அரை டீஸ்பூன் சோடா கணக்கு. கலந்த உடனே ஓவனுக்குள் வைத்துவிட வேண்டும். கலந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் வாயு வெளியேறிவிடும்.

4. பேக்கிங் பவுடர் பழசாகிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்காவிட்டால் வீசிவிடலாம். வர்ஜீனியாவில் விடுதலை பெற்ற அடிமைகள் அமைத்த ஃப்ரீடவுன் என்ற ஊரில் 1916இல் பிறந்த எட்னா லூயிஸ், தென்மாநிலச் சமையலின் பெரிய ஆசான். கடை பவுடரில் உலோக வாடை அடிக்கிறது என்று அவர் தாமே கலந்துகொள்வார்: இரண்டு பங்கு க்ரீம் ஆஃப் டார்ட்டர், ஒரு பங்கு சமையல் சோடா. சிறு பாட்டிலில் ஈரம் படாமல் வைத்துக்கொள்ளலாம்.

5. தென்மாநில பிஸ்கட் என்பது அடுக்கடுக்காகப் பிரியும் மெத்தென்ற சிறு ரொட்டி. இரண்டாகப் பிளந்து வெண்ணெயும் கரும்புப் பாகும் விட்டுச் சாப்பிடுவார்கள். சர்க்கரையில் ஊறிய ஸ்ட்ராபெரியும் க்ரீமும் வைத்தால் ஷார்ட்கேக். இதில் குளிர்ச்சிதான் எல்லாம். மாவுக்குள் வெண்ணெய் சிறு துண்டுகளாக உருகாமல் இருக்க வேண்டும். ஓவன் சூட்டில் அந்தத் துண்டுகளிலிருந்து கிளம்பும் நீராவிதான் அடுக்குகளைத் தூக்கி நிறுத்துகிறது. வெண்ணெய் முன்பே உருகிவிட்டால் அடுக்கும் இல்லை, உயரமும் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு எளிய வழி: 85 கிராம் வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்து, கேரட் துருவியில் துருவி, 2 கப் செல்ஃப் ரைசிங் மாவில் உதிர்த்துவிடுங்கள். அதன்மேல் மேலே சொன்ன கெட்டி மோரைக் குளிரவைத்து முக்கால் கப் விட்டுக் கரண்டியால் சேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசையக் கூடாது. பலகையில் கொட்டி, கையால் தட்டிப் பரப்பி, மடித்து மறுபடி தட்டுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. இரண்டரை செ.மீ. கனத்தில் வட்டமாக வெட்டும்போது மூடியையோ டம்ளரையோ நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு பிஸ்கட் ஒரு பக்கம் சாயும். டிரேயில் ஒன்றையொன்று தொட்டபடி அடுக்குங்கள். பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேல்நோக்கி எழும்பும். 230 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். முட்டை சேராத பலகாரம் என்பதால் சைவ வீடுகளுக்கும் ஏற்றது.

6. பூரணம் நிரப்பிச் சுடும் ‘பை’ (pie) என்ற பலகாரத்தின் அடி மாவுக்கும் குளிர்ச்சி வேண்டும். 150 கிராம் மைதா, 113 கிராம் குளிர்ந்த வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, 3 அல்லது 4 டேபிள்ஸ்பூன் ஐஸ் தண்ணீர், 23 செ.மீ. தட்டு ஒன்றுக்கு இது சரியாக இருக்கும். திரட்டிய மாவை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க விட்டால் தேய்க்கும்போது சுருங்காது. நீர்த்த பூரணம் ஊற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் அடியை மட்டும் சுட்டுக்கொள்ளுங்கள். பட்டர் பேப்பர் விரித்து அதன்மேல் காய்ந்த கொண்டைக்கடலையைப் பரப்பினால் மாவு உப்பாது. அந்தக் கடலையை டப்பாவில் போட்டு வைத்து இதற்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பைத் தட்டை ஓவனின் கீழ்த்தட்டில், முன்பே சூடேறிய டிரேயின் மேல் வைத்தால் அடி நசநசக்காது.

7. பீக்கன் பை. இன்று உலகம் சாப்பிடும் மெல்லோட்டு பீக்கன் கொட்டைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் அடிமையாக இருந்த தோட்டக்காரர் அன்ட்வான், 1840களில் ஒட்டுக்கட்டி நல்ல ரக மரங்களை உருவாக்கினார். அந்த ரகம் 1876இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று ‘சென்டெனியல்’ என்று பெயர் வாங்கியது. அவருடைய முழுப்பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு பீக்கன் பையிலும் அவருக்குப் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

செய்முறை சுலபம்: 3 முட்டை, ஒரு கப் கார்ன் சிரப், ஒரு கப் சர்க்கரை, 2 டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய், ஒரு டீஸ்பூன் வெனிலா, ஒன்றரை கப் பீக்கன். 175 டிகிரியில் ஒரு மணி நேரம். ஓரம் எழும்பி, நடுவில் இலேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும், ஆறும்போது இறுகிக்கொள்ளும். சூட்டோடு வெட்டினால் பாகு ஓடிவிடும். கார்ன் சிரப் சேர்ப்பது சர்க்கரை பூத்துப் போகாமல் இருக்கத்தான். அது கிடைக்காவிட்டால் கோல்டன் சிரப் நன்றாகப் பொருந்தும். அதுவும் இல்லையா? ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சைச் சாறு விடுவோமே, அதே வேலையை இங்கும் செய்யுங்கள்: சர்க்கரைப் பாகில் சில சொட்டு சாறு விட்டு மெல்லிய தீயில் தேன் பதத்துக்குக் காய்ச்சி ஆறவிடுங்கள். பீக்கன் விலை கட்டுப்படியாகாவிட்டால் வால்நட் போடலாம். கொட்டை எதுவானாலும் முன்பே 8 நிமிடம் வறுத்துக்கொண்டால் மணமே வேறு.

8. பீக்கன் பையைவிடச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பையே உயர்ந்தது என்பது என் தீர்ப்பு. கறுப்பின மக்களின் விருந்து மேசையில் இது இல்லாத நன்றியறிதல் நாள் (தாங்க்ஸ்கிவிங்) இல்லை எனலாம். தென் கரோலினாவில் பிறந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய ஆபி ஃபிஷர், 1881இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இதற்கு ஆரஞ்சுச் சாறும் துருவிய ஆரஞ்சுத் தோலும் சேர்க்கச் சொல்கிறார். அவர் பேச்சைக் கேளுங்கள். கிழங்கின் திகட்டல் அடங்கிவிடும். கிழங்கை வேகவைத்தால் தண்ணீர் குடிக்கும். தோலோடு ஓவனில் 200 டிகிரியில் மெத்தென்று ஆகும்வரை சுட்டு, உரித்து, சூட்டோடு சல்லடையில் தேய்த்தால் நாரும் தங்கிவிடும். ஒரு பைக்கு 450 கிராம் கிழங்கு, 113 கிராம் வெண்ணெய், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் பால், 2 முட்டை, அரை டீஸ்பூன் ஜாதிக்காய்த் தூள். 175 டிகிரியில் 55 நிமிடம். அங்கே ஆரஞ்சு நிறச் சதையுள்ள, ஈரம் மிகுந்த கிழங்கு. நம் சந்தையின் வெள்ளைச் சதைக் கிழங்கு மாவுப்பசை கூடியது. கால் கப் பால் கூடுதலாக விடுங்கள்.

9. விருந்தாளி வாசலில் நிற்கும்போது காப்ளர் என்ற பழப் பலகாரம்தான் கைகொடுக்கும். 113 கிராம் வெண்ணெயை ஓவன் பாத்திரத்திலேயே உருக்கி, ஒரு கப் செல்ஃப் ரைசிங் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால் கரைத்து அதன்மேல் ஊற்றி, சர்க்கரை புரட்டிய பீச் துண்டுகளைப் பரப்புங்கள். கிளறவே கூடாது. வேகும்போது மாவு பழத்தின் ஊடே மேலெழுந்து தானே மூடிக்கொள்ளும். 175 டிகிரி, 45 நிமிடம். மாம்பழம் போட்டாலும் அருமையாக வரும்.

10. புளோரிடாவின் கீ லைம் பைக்கு வேண்டிய எலுமிச்சை நம் வீட்டுக் கூடையிலேயே இருக்கிறது. கீ லைமும் நம் சின்ன எலுமிச்சையும் தாவரவியலில் ஒரே இனம். அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது பெரிய பாரசீக எலுமிச்சை என்பதால் அங்குள்ளவர்கள் கீ லைமைத் தேடி வாங்குகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க் (ஏறக்குறைய 400 கிராம்), 4 முட்டை மஞ்சள் கரு, அரை கப் சாறு. கலந்ததுமே புளிப்பு பாலின் புரதத்தை இறுக்கத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். பொடித்த டைஜஸ்டிவ் பிஸ்கட்டும் உருக்கிய வெண்ணெயும் கலந்து தட்டில் அழுத்தி, மேலே ஊற்றி 175 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, பிறகு நன்றாகக் குளிரவிடுங்கள். நிறம் வெளிர்மஞ்சளாகத்தான் இருக்கும். பச்சைச் சாயம் வேண்டாம். முட்டை ஆகாது என்பவர்கள் கருவை விட்டுவிட்டு, அடித்த க்ரீம் சேர்த்து ஃப்ரிட்ஜிலேயே இறுக வைக்கலாம்.

11. பவுண்ட் கேக்குக்கு முன்சொன்ன குளிர்ச்சி எதுவும் ஆகாது. வெண்ணெய், முட்டை எல்லாம் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். பழைய கணக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, முட்டை நான்கும் ஒவ்வொரு பவுண்டு. வீட்டுக்கு 225 கிராம் வெண்ணெய், 225 சர்க்கரை, 225 மாவு, ஓடு நீக்கி 225 கிராம் முட்டை போதும். வெண்ணெயையும் சர்க்கரையையும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் அடியுங்கள். உப்பிவர உதவும் காற்று அங்கேதான் ஏறுகிறது. முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். 165 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆகும், இடையில் கதவைத் திறக்க வேண்டாம். வெந்ததா என்பதைக் காதாலும் அறியலாம் என்பார் எட்னா லூயிஸ். வேகாத கேக் உள்ளே சலசலக்கும். வெந்ததும் அந்தச் சத்தம் மெல்ல அடங்கும்.

12. கார்ன்ஃப்ளார் வெள்ளை மாவு, கார்ன்மீல் மஞ்சள் நிறத்தில் ரவைபோல் திரித்த மக்காச்சோளம். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கார்ன்பிரெட்டுக்கு வார்ப்பிரும்புச் சட்டியை எண்ணெயோடு 220 டிகிரி ஓவனில் சூடாக்கி, மாவை ஊற்றும்போது ‘சுர்’ என்று சத்தம் வர வேண்டும். மொறுமொறுப்பான அடி அதனால்தான் வருகிறது. தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்கத் தெரிந்த வீட்டில் இந்தச் சட்டி நெடுநாள் உழைக்கும். பழமும் கொட்டையும் இல்லாத நாளில் செஸ் பை செய்யலாம்: முட்டை, சர்க்கரை, வெண்ணெய்ப் பூரணத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்மீல், ஒரு டீஸ்பூன் வினிகர்.

13. பனானா புட்டிங்குக்குப் புள்ளி விழுந்த, ஆனால் குழையாத வாழைப்பழம் வேண்டும். வெனிலா பிஸ்கட், பழம், கஸ்டர்ட் என்று அடுக்கி, கஸ்டர்ட் சூடாக இருக்கும்போதே அடித்த வெள்ளைக்கருவைப் பாத்திரத்தின் ஓரம்வரை பரப்பிச் சுட்டால் நீர் கசியாது. நான்கு மணி நேரமாவது ஊற வேண்டும்.

14. ரெட் வெல்வெட் கேக்குக்கு ‘டச்’ முறையில் பதப்படுத்தாத இயற்கைக் கோகோ வாங்குங்கள். ‘டச்’ கோகோவில் சோடாவுக்குத் துணையாகும் புளிப்பு நீக்கப்பட்டிருக்கும்.

15. நியூ ஆர்லியன்ஸின் பென்யே எண்ணெயில் பொரிப்பது. ஈஸ்ட் சேர்த்த மாவை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, அரை செ.மீ. கனத்தில் தேய்த்துச் சதுரமாக வெட்டி, 185 டிகிரி எண்ணெயில் பொரித்து, பொடித்த சர்க்கரையை மழையாகத் தூவுங்கள். அந்த ஊரிலும் காபியில் சிக்கரி கலப்பார்கள். ஆகவே கூடவே நம் ஃபில்டர் காபியே போதும்.

16. முட்டையும் பாலும் சேர்ந்த பைகளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். பனானா புட்டிங்கை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பவுண்ட் கேக் மறுநாள்தான் சுவை கூடும், இறுக மூடி வையுங்கள். வெட்டிய பச்சை பிஸ்கட்டுகளை டிரேயில் உறைய வைத்துப் பையில் போட்டுக்கொண்டால், வேண்டும்போது அப்படியே ஓவனில் வைத்து மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகச் சுட்டுக்கொள்ளலாம்.