பக்கத்துப் புற்று பகைப் புற்றா?

ஒரு புற்றுக் கறையானை எடுத்து இன்னொரு புற்றில் போட்டால் அங்குள்ளவை கடித்துக் குதறிவிடும் என்பார்கள். பாதிதான் சரி. வேலைக்காரக் கறையான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண் தெரியாது. எதிரே வருவது ‘நம்ம ஆளா’ என்பதை, அதன் உடம்பில் படிந்த மெழுகின் வாசனையை உணர்கொம்பால் தடவித்தான் கண்டுபிடிக்கின்றன. அந்த வாசனை பிறப்பால் மட்டும் வருவதல்ல. தின்னும் மரமும் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் அதை மாற்றும். ஃபார்மோசா கறையான் என்ற இனத்தில் சில கூட்டங்களை ஒரே தட்டில் விட்டால் அடித்துக்கொள்கின்றன. வேறு சில சத்தமில்லாமல் கலந்துவிடுகின்றன.

அடிதடி வந்தாலும் கடைசி ஆள் வரை நடப்பது அபூர்வம். சுரங்கங்கள் சந்திக்கும் இடத்தில் சில சாகும். பிணங்களையும் சேர்த்து மண்ணால் வழியை அடைத்துவிட்டு, மற்றவை வேறு பக்கம் தோண்டப் போய்விடும்.

சண்டை காவல் கறையானின் வேலை மட்டும் என்பதும் தவறு. பிரெஞ்சு கயானா காட்டில் ‘நியோகாப்ரிடெர்மிஸ் டராகுவா’ என்றொரு இனம். அதன் வேலைக்காரர்களுக்கு வயது ஏறித் தாடை தேயத் தேய, முதுகுப் பையில் நீலப் படிகம் சேர்கிறது. எதிரி கடித்தால் உடம்பு வெடிக்கும். படிகம் எச்சிலோடு கலந்து நஞ்சாகும். 2012இல் வெளியான ஆய்வு இது. கிழவர்களைப் போர்முனைக்கு அனுப்பும் ஊர்!

புற்றுகள் அளந்து வைத்தாற்போல் தள்ளித் தள்ளி நிற்பதைப் பார்த்து ‘எல்லைச் சண்டை’ என்று முடிவு கட்டுவதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமான தவறு. ஆப்பிரிக்காவின் சில புற்றுகளுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் வடகிழக்கு பிரேசிலின் முள்காட்டுக்கு வாருங்கள். ஏறத்தாழ 20 கோடி மண்மேடுகள்; ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் உயரம், 9 மீட்டர் அகலம், ஒன்றுக்கொன்று சுமார் 20 மீட்டர் தூரம். சிலவற்றின் வயது 3,800 ஆண்டைத் தொடும். இவை வீடே அல்ல. சுரங்கம் தோண்டிய மண்ணை வெளியே கொட்டிய குவியல்கள். அடுத்தடுத்த மேடுகளின் கறையான்களைச் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். சண்டை ஏறக்குறைய இல்லை! தொலைதூர மேட்டிலிருந்து கொண்டுவந்தவற்றோடுதான் மோதின. அந்த இடைவெளிக்குக் காரணம் பகை அல்ல, கொட்டும் மண்ணைக் குறைந்த நடையில் சேர்க்கும் சுரங்க அமைப்பே என்கிறது 2018 ஆய்வு.

போட்டி வேறு விதமாகத் தெரியும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர ஆர்ம்ஸ்ட்ராங் பூங்காவில் நச்சு இரை வைத்து ஃபார்மோசா கூட்டங்களை அழித்தார்கள். கொஞ்ச காலத்தில் அதே இடத்தில் மறுபடியும் கறையான். மரபணுவைப் பார்த்தால், வேறு கூட்டங்கள்! நம் பழமொழியில் கறையான் புற்றில் பாம்பு குடிவரும். இங்கே வந்தது இன்னொரு கறையான். ஆகவே மருந்தடித்த வீட்டில் திரும்பவும் மண்கோடு தெரிந்தால், மருந்து ஏமாற்றிவிட்டது என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். வந்திருப்பது பக்கத்துக் கூட்டமாகவும் இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது சுவரடியையும் கதவு நிலையையும் தட்டிப் பாருங்கள்.