பதினெட்டு வயது நிறையுமுன்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பாடம்

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர், வைப்புத்தொகையின் வட்டி விகிதத்தைக் கேட்க வந்தாலும் பெரும்பாலும் வேறொரு கேள்வியில் வந்து நிற்பர். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்?" என்பதே அது. அதற்கு முழு விடை தர வங்கியால் இயலாது. ஆயினும் அக்கேள்வியில் பணமும் கையொப்பமும் சார்ந்த ஒரு பகுதி உண்டு. அதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. உரிய காலத்தில் அதை அறியாமல் அல்லற்படும் குடும்பங்கள் பல என்பதால், இவ்விதழில் அதனையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் எனக் கண்டறியப்படுகிறது. தந்தை மகன் பெயரில் கணக்குத் தொடங்கி, காப்பாளர் என்ற முறையில் தாமே கையொப்பமிட்டு வருகிறார். ஆண்டுகள் செல்கின்றன. மகனின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அடுத்த மாதம், பேச்சுப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்தப் பணம் எடுக்க வருகிறார். "மகனுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது ஐயா; இனி உங்கள் கையொப்பத்தில் பணம் தர இயலாது" என்கிறார் அலுவலர். தந்தை திகைத்து நிற்கிறார்.

அலுவலர் சொன்னது கடுமையாகத் தோன்றினும் சட்டப்படி சரியே. இயற்கைக் காப்பாளர் என்ற பெற்றோரின் தகுதி, பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாளில் முடிகிறது. ஆட்டிசம் இருப்பதால் அது தானாக நீள்வதில்லை. இதை முன்பே அறிந்திருந்தால் அத்தந்தை என்ன செய்திருக்கலாம் என்று பார்ப்போம்.

காப்பாளர் தேவையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. சொத்து வைத்துக்கொள்ளவும், தம் பணத்தைத் தாமே நிருவகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறருக்கு நிகரான உரிமை உண்டென அச்சட்டம் கூறுகிறது. எனவே பணத்தின் பயனை உணரும் இளைஞர் தம் பெயரிலேயே கணக்கை நடத்தலாம். பேச்சு வராமை வேறு, புரியாமை வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

அத்திறன் ஒரே நாளில் வாய்ப்பதன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயது முதலே பிள்ளையைக் கிளைக்கு அழைத்து வாருங்கள். கூட்டமும் ஒலியும் அவரை வருத்துமாயின், மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி, கூட்டம் குறைந்த வேளையில் வரலாம். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசைப்படி நடப்பது அவருக்கு எளிது. ஒரே மாதிரியான கையொப்பத்தைப் பழக்குங்கள். சிறு தொகையைத் தாமே எடுத்து, எண்ணி, செலவிட்டு, மீதியைப் பாஸ்புத்தகத்தில் காணச் செய்யுங்கள். பிறர் பணம் கேட்டால் மறுக்கவும், ரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதிருக்கவும் கற்பதும் இப்பயிற்சியில் அடங்கும்.

காப்பாளர் தேவையெனில்

சிலருக்கு எத்துணை பயிற்சி அளித்தாலும் பணத்தை நிருவகிப்பது இயலாது. அவர்களுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கும் அதன் வரம்பில் வருவன. இச்சட்டப்படி அமைந்த உள்ளூர் அளவிலான குழுவில் மாவட்ட ஆட்சியரும், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் இடம்பெறுவர். 18 வயது நிறைந்தவருக்குக் காப்பாளரை நியமிக்குமாறு பெற்றோரோ உறவினரோ இக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காப்பாளர் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்பதைக் குழு ஆராய்ந்து முடிவு செய்யும்.

இக்குழு வழங்கும் சான்றிதழை ஏற்றுக் கணக்கைத் தொடங்கவும் நடத்தவும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வழிகாட்டியுள்ளது.

காப்பாளர் என்பது உரிமை மட்டுமன்று, பொறுப்பும் ஆகும். நியமனம் பெற்ற ஆறு மாதங்களுக்குள் சொத்து, கடன் விவரப் பட்டியலை அளிக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அளிக்க வேண்டும். எனவே மருந்துச் சீட்டு முதல் பயிற்சிக் கட்டண ரசீது வரை தனிக் கோப்பில் பேணுவது நன்று.

கையில் இருக்க வேண்டியவை

எந்த உதவிக்கும் அடிப்படை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் ஆகும். 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதெனச் சான்று பெற்றோருக்கே பல சலுகைகள் உரியன.

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ₹1 லட்சம் வரை பயன் தருவது. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. பயிற்சிச் சிகிச்சைகளுக்கும் குறிப்பிட்ட வரம்புக்குள் தொகை பெறலாம். தவறாது புதுப்பித்து வர வேண்டும். பகல்நேரப் பராமரிப்புக்கு 'விகாஸ்', குடும்பத்தார்க்குச் சிறிது ஓய்வு தரும் தற்காலிகப் பராமரிப்புக்கு 'சமர்த்', பெரியவர்களுக்கான குழு இல்லத்துக்கு 'கரௌந்தா' எனத் தனித்தனித் திட்டங்களையும் அவ்வறக்கட்டளை வகுத்தது.

பழைய வரி முறையைத் தெரிவு செய்யும் பெற்றோர், தம்மைச் சார்ந்துள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக ₹75,000 வரிக்கழிவு பெறலாம்; குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ எனில் ₹1,25,000 பெறலாம்.

நமக்குப் பின்

நாமினியாக ஒருவரைக் குறிப்பிட்டுவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். நாமினி பணத்தின் உரிமையாளர் அல்லர். வங்கியிடமிருந்து பெற்று, உரிய வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்புடையவர். 2025 நவம்பர் முதல் வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நாமினிகளைக் குறிப்பிடலாம். எனினும் யாருக்கு எவ்வளவு உரியது என்பதைத் தெளிவுறச் சொல்வது உயிலே.

ஆயின், தாமே பணத்தை நிருவகிக்க இயலாத பிள்ளைக்குப் பெருந்தொகையை நேரே விட்டுச் செல்வதில் இடர் உண்டு. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளை நிறுவலாம். பிள்ளை அதன் பயனாளி. நம்பிக்கைக்குரிய இருவர் அல்லது மூவர் அதன் பொறுப்பாளர்கள். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்பதை ஆவணத்திலேயே எழுதலாம். இதற்கு வழக்கறிஞரின் துணை அவசியம். உடன்பிறந்தோரைப் பொறுப்பாளராக்க விரும்பினால், அவர்களிடம் கேட்டு, இசைவு பெற்ற பின்னரே எழுதுங்கள். கேளாது சுமத்திய கடமை உறவைக் கெடுக்கும்.

இவற்றோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். பிள்ளை விரும்பும் உணவு, அஞ்சும் ஒலி, உண்ணும் மருந்து, உறங்கும் வழக்கம், வலி வந்தால் அதை அவர் காட்டும் விதம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். எந்தச் சட்ட ஆவணத்திலும் இவை இரா. தாயும் தந்தையும் மட்டுமே அறிந்தவை.

இனி அத்தந்தையிடம் திரும்புவோம். அவர் செய்தது குற்றமன்று. மகனுக்கெனச் சேமித்தவர் அவர். ஒரு தேதியை மட்டும் குறித்து வைக்கவில்லை. வைப்புத்தொகை முதிரும் நாளைக் குறித்து வைக்கும் நாம், பிள்ளையின் பதினேழாவது பிறந்தநாளையும் குறித்துக்கொள்வோம். அன்று தொடங்கிச் சான்றுகளைத் திரட்டினால், பதினெட்டு நிறைந்தவுடன் விண்ணப்பிக்க இயலும். அவ்வோராண்டுக் காலம் குடும்பத்தாருக்குப் போதுமானது.