ஒரு கிளாஸ் காபியின் கணக்கு



'காஸ்டிங்', 'பிரேக் ஈவன் பாயின்ட்' என்று வகுப்பில் படிக்கிறோம். பெரிய தொழிற்சாலைகளுக்கான பாடம் இது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மேற்குத் தாம்பரத்தில் என் அப்பா ஒரு சின்ன டீக்கடை நடத்துகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தக் கடைக்கு இந்தப் பாடத்தைப் போட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரை.

"காலையில கல்லாவுல இருந்ததை விட ராத்திரி அதிகமா இருந்தா லாபம்." அப்பாவின் கணக்கு இதுதான். பெரும்பாலான சின்னக் கடைகளின் கணக்கும் இதுதான். இதில் ஒரு பெரிய செலவு கண்ணுக்கே தெரிவதில்லை. அது எது என்று படிப்படியாகப் பார்ப்போம். எங்கள் கடையில் டீயும் வடையும் உண்டு. பாடம் புரிவதற்காகக் காபியை மட்டும் எடுத்து, எண்களையும் முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன்.

1. மாறும் செலவு

விற்பனை கூடினால் கூடி, குறைந்தால் குறையும் செலவு இது. ஒரு கிளாஸ் காபிக்கு:

பால் (லிட்டர் 60 ரூபாய், 12 கிளாஸ்) - ரூ. 5.00
காபித்தூள் (கிலோ 500 ரூபாய், கிளாஸுக்கு 8 கிராம்) - ரூ. 4.00
சர்க்கரை (கிலோ 45 ரூபாய், 10 கிராம்) - ரூ. 0.45
கேஸ் (சிலிண்டர் 1,800 ரூபாய், 900 கிளாஸ்) - ரூ. 2.00
சோப்பு, தண்ணீர், உடையும் கிளாஸ் - ரூ. 0.55
ஆக மொத்தம் - ரூ. 12.00

இந்த ஐந்து வரியில் எதன் விலையும் கடைக்காரர் கையில் இல்லை. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 2022 நவம்பரில் லிட்டர் 48-லிருந்து 60 ரூபாய் ஆனது. கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். வீட்டு சிலிண்டரை வைப்பது குற்றம். காபித்தூள் விஷயம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதி ஆவதால், உலகச் சந்தை விலைதான் இங்கேயும் பேசும். 2024-ல் பிரேசிலில் மழை பொய்த்தது. 2025 பிப்ரவரியில் அராபிகா காபிக்கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. பிரேசிலில் மழை இல்லையென்றால் தாம்பரத்து டிகாஷனுக்கு விலை ஏறுகிறது!

2. நிலையான செலவு

காபி விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய செலவு இது. மாத வாடகை 9,000, கரண்ட் பில்லும் மற்றதும் 3,000, உதவிக்கு இருக்கும் அண்ணனுக்குச் சம்பளம் 15,000; மொத்தம் 27,000 ரூபாய். நாளுக்கு 900.

கடை மூடியிருக்கும் நாளிலும் இந்த 900 ஓடிக்கொண்டே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீரில் மிதந்ததை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். 2020 மார்ச் ஊரடங்கும் அப்படித்தான். கடை திறந்திருந்தாலும் கூட்டம் இடம் மாறிவிடலாம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், கோயம்பேட்டிலிருந்து போன தென் மாவட்ட பஸ்கள் அங்கிருந்து புறப்பட ஆரம்பித்தன. ஜனங்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கேதான் காபி விற்கும். வாடகை மட்டும் நம்மோடேயே நிற்கும்.

3. சமநிலைப் புள்ளி

லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற இடமே பிரேக் ஈவன் பாயின்ட். சூத்திரம் நமக்குத் தெரிந்ததுதான்: நிலையான செலவை, ஒரு கிளாஸில் மிஞ்சும் தொகையால் வகுக்க வேண்டும்.

காபி 15 ரூபாய் என்றால் செலவு 12 போக மிச்சம் 3 ரூபாய். 27,000-ஐ 3-ஆல் வகுத்தால் மாதம் 9,000 கிளாஸ், அதாவது நாளுக்கு 300. நாளுக்கு 300 விற்கும் கடை சரியாகத் தட்டுத் தடுமாறி நிற்கும். டீயிலும் வடையிலும் வரும் காசில்தான் வீடு நடக்கும்.

4. விட்டுப்போன வரி

மேலே உள்ள கணக்கில் யாருடைய சம்பளம் இல்லை? விடியற்காலை 4 மணிக்குப் பாய்லரைப் பற்றவைத்து, முதல் எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு ஓடுகிறவர்களுக்கு டிகாஷன் இறக்கி, ராத்திரி 9 மணிக்குக் கடை கழுவிவிடும் அப்பாவின் சம்பளம் இல்லை. வடை சுட்டு, கிளாஸ் கழுவும் அம்மாவின் சம்பளமும் இல்லை.

நான் கேட்டதற்கு அப்பா சிரித்தார். "நம்ம கடையில நமக்கே சம்பளமாப்பா?" என்றார். "நீங்க ஒரு மாசம் படுத்துட்டா வேற மாஸ்டர் போடணுமே, அவர் சும்மா வருவாரா?" என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மாஸ்டருக்கு நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 18,000. அம்மாவுக்கு இன்னும் கணக்கே போடவில்லை.

இதைச் சேர்த்தால் நிலையான செலவு 45,000 ஆகிறது. 15 ரூபாய் விலையில் நாளுக்கு 500 கிளாஸ் விற்க வேண்டும். எங்கள் கடை விற்பது 300. அப்படியென்றால் மலிவாகக் காபி கொடுத்தது கடை இல்லை, அப்பா அம்மாவின் உழைப்பு!

5. விலை ஏற்றலாமா?

2025 செப்டம்பர் 1 முதல் சென்னையில் டீ 12-லிருந்து 15 ரூபாய், காபி 15-லிருந்து 20 ரூபாய் என்று டீக்கடை உரிமையாளர்கள் சங்கம் அறிவித்தது. அநியாயம் என்று பலர் பேசினார்கள். கணக்கைப் பாருங்கள். 20 ரூபாயில் மிச்சம் 8. அப்பாவின் சம்பளத்தையும் சேர்த்த 45,000-க்கு நாளுக்கு 188 கிளாஸ் விற்றால் போதும். 300 பேரில் 112 பேர் வராமல் போனாலும் கடை நிற்கும். இதைத்தான் 'பாதுகாப்பு இடைவெளி' என்று சொல்லலாம்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "போகலாம்னு சொல்ற அந்த 112 பேர்ல காலையில தெரு கூட்டற அம்மாங்களும் இருப்பாங்க இல்ல?" என்றார். எந்தச் சூத்திரத்திலும் இதற்கு இடம் கிடையாது. ஆனால் காஸ்டிங்கில் ஒரு வழி இருந்தது. முக்கால் கிளாஸ் காபிக்குச் செலவு 9 ரூபாய். 15-க்கு விற்றால் 6 ரூபாய் மிச்சம். இப்போது எங்கள் கடையில் முழு கிளாஸ் 20, முக்கால் கிளாஸ் 15.

6. கையில் இருக்கும் வழிகள்

(அ) பால் பொங்கி வழிய விடக்கூடாது. ஒரு லிட்டர் போனால் 60 ரூபாய். 15 ரூபாய் விலையில் அது 20 காபியின் மிச்சம்.

(ஆ) டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். நேரமானால் மணம் போய்விடும். கீழே கொட்டினால் காசும் போய்விடும்.

(இ) சிக்கரி கூடினால் செலவு குறையும், ருசியும் குறையும். கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

(ஈ) பார்சலுக்குத் தூக்கோ பிளாஸ்கோ கொண்டுவரச் சொல்லலாம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பிளாஸ்டிக் பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

(உ) கடன் நோட்டை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். வசூலாகாத ஒரு காபியின் செலவை ஈடுகட்ட, 15 ரூபாய் விலையில் 4 காபி விற்க வேண்டும்.

முடிவுரை

அப்பாவின் நோட்டில் இப்போது 'மாஸ்டர் சம்பளம்' என்று ஒரு வரி இருக்கிறது. சில மாதம் அது முழுசாக நிறைவதில்லை. எவ்வளவு குறைகிறது என்பதாவது தெரிகிறது. தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்!

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் தையல், லேத், காய்கறி, ஆட்டோ என்று ஏதோ ஒரு தொழில் நடக்கிறது. அந்த வருமானத்தில்தான் நாம் ஃபீஸ் கட்டுகிறோம். இந்த விடுமுறையில் ஒரே ஒரு பக்கம் கணக்கு எழுதிப் பாருங்கள். வீட்டு ஆட்களின் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள்.