கல்லூரி ஆராய்ச்சி வயலுக்கு வரும் வழி

கோவை வேளாண்மைக் கல்லூரி படித்தவர்களுக்கு மட்டுமே உரிய இடம் என்று சிறு விவசாயிகள் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அதனால் நட்டம் விவசாயிக்கே.

1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளியே இக்கல்லூரிக்கு வித்து. 1906-ல் அது கோவைக்கு மாற்றப்பட்டது. 1912-ல் அங்கு நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. கோனாமணி நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த ஜி.இ.பி.24 ரகம் 1921-ல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்துத் தமிழகமெங்கும் பரவிய ஐ.ஆர்.20 ரகத்தின் பரம்பரையிலும் இந்நெல் உண்டு. ஒரு வயலில் கண்ட நல்ல செடி, பிந்திய தலைமுறைக்கும் சோறிட்டது.

1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் இதன் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. விவசாயிகளுக்குச் செயல்முறைப் பயிற்சி அளிப்பதே இத்தகைய நிலையங்களின் வேலை.

புதிய ரகம் ஆராய்ச்சிப் பண்ணையில் நன்கு விளைந்தால் மட்டும் போதாது. பல ஊர்களிலும், விவசாயிகளின் வயல்களிலும் விளைவித்துப் பார்த்த பின்னரே வெளியிடப்படுகிறது. ஆகவே விவசாயியின் ஒத்துழைப்பின்றி ஆராய்ச்சி முழுமை பெறாது.

சிறு விவசாயி உடனே பெறக்கூடிய பயன் மண் பரிசோதனை. கடன் வாங்கி உரம் இடுபவர், மண்ணில் ஏற்கெனவே உள்ள சத்தையே மீண்டும் வாங்கிப் போட்டால் பணம் வீண்.

மண் எடுக்கும் முறை:

அறுவடைக்குப் பின், அடுத்த பயிருக்கு உரமிடுமுன் மண் எடுக்க வேண்டும். வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். மேலுள்ள சருகுகளை நீக்கி, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டவும். நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ., கரும்பு, பருத்திக்கு 22 செ.மீ. ஆழம் வேண்டும். குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மண்ணைச் சுரண்டி எடுக்கவும். இவ்வாறு வயலில் 10 முதல் 15 இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தவும். பின் பரப்பி, நான்கு பாகமாக்கி, எதிரெதிரான இரு பாகங்களை நீக்கவும். அரை கிலோ மீதமாகும்வரை இப்படியே செய்து, துணிப்பையில் இடவும். பெயர், சர்வே எண், முன் பயிர், இனி இடப்போகும் பயிர் ஆகியவற்றை எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும்.

பக்கத்து வயலைப் பார்த்து உரம் இடுவதைவிட, தன் மண்ணைக் கேட்டு இடுவதே சிக்கனம்.