பேட்டரியை மாற்றும் முன்

செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், இன்ஜின் சுற்றவில்லை. இப்படி நிற்கும் வண்டிக்கு நம் ஊரில் உடனே கிடைக்கும் தீர்ப்பு, ‘பேட்டரி போயிடுச்சு’. பேட்டரி மாற்றியும் கிளம்பவில்லை என்றால் ரிலே, அதற்கும் மசியவில்லை என்றால் செல்ஃப் மோட்டார். ஸ்பார்க் வராத வண்டியாக இருந்தால் பிளக், காயில், ஸ்பார்க்கை இயக்கும் சிடிஐ பெட்டி என்று வரிசை மாறும், முறை மாறாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிது போட்டுப் பார்ப்பதையே கோளாறு கண்டுபிடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில், மின்கோளாறால் படுத்துவிட்ட வண்டிகள் பலவற்றில் பாகங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கிறது: துருவேறிய எர்த் போல்ட்டில், தளர்ந்த டெர்மினலில், களிம்பு பிடித்த கப்ளரில், உறைக்குள்ளேயே அறுந்துபோன வயரில். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே நிபந்தனை, மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் இன்ஜின் சுற்றுகிறதா, சுற்றியும் பற்றவில்லையா என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்கள். சுற்றவே இல்லை என்றால் சத்தமே பாதி வழி காட்டிவிடும். பட்டனை அழுத்தியும் ரிலே மூச்சே விடவில்லை என்றால், ரிலேவை இயக்கும் மெல்லிய வயர் வழியில் தடை இருக்கிறது: கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டு சுவிட்ச், இல்லையென்றால் பியூஸ். ரிலே கடகடவென்று தொடர்ந்து அடித்துக்கொண்டால், பட்டனை அழுத்திய நொடியில் வோல்டேஜ் சரிகிறது என்று பொருள்; பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் தளர்ந்திருக்கலாம். ஒரே ஒரு ‘டக்’ வந்து அடங்கிவிட்டால், ரிலே தன் வேலையைச் செய்ய முயல்கிறது. தடித்த கேபிள்கள் ஓடும் பாதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாமான் கடைக்குப் போக வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.

நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓய்ந்திருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘பேட்டரி ஓகே’ என்று மீட்டரை மூடிவைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உட்கார்ந்திருப்பவரின் மூச்சைப் பார்த்து அவர் மலையேறுவாரா என்று சொல்லிவிட முடியாது. மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தபடியே செல்ஃபை அழுத்துங்கள். வோல்டேஜ் பத்துக்குப் பக்கத்தில் நின்றால் பேட்டரி தாக்குப்பிடிக்கிறது. ஆறுக்கும் ஏழுக்கும் விழுந்தால், முதலில் முழுதாக சார்ஜ் ஏற்றி மறுபடி அளந்து, அப்போதும் விழுந்தால் பேட்டரியைக் குற்றம் சொல்லலாம். பன்னிரண்டிலேயே அசையாமல் நின்று, இன்ஜினும் சுற்றவில்லை என்றால், மின்சாரம் பேட்டரியை விட்டுப் புறப்படவே இல்லை; வழியில் எங்கோ அடைப்பு. அடுத்த அளவு எர்த் பக்கம். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலும் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. ஒன்று, ஒன்றரை என்று ஏறினால் அத்தனை வோல்ட்டையும் எர்த் பாதை தின்கிறது. முனையை டெர்மினல் போல்ட்டில் வைக்காமல், பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். கம்பத்துக்கும் போல்ட்டுக்கும் இடையிலேயே கோளாறு ஒளிந்திருப்பது உண்டு. பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்: பேட்டரி கம்பத்திலிருந்து ரிலே, ரிலேயின் ஒரு போல்ட்டிலிருந்து மறு போல்ட், அங்கிருந்து மோட்டார்.

‘கன்டினியூட்டி வைத்துப் பார்த்தேன், பீப் அடித்தது, வயர் நன்றாகத்தான் இருக்கிறது’ என்பார்கள். செல்ஃப் மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதையில் 0.05 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். சாதாரண மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.1, 0.2 ஓம் காட்டும், 0.05 ஓமை அது எப்படிப் பிடிக்கும்? பல இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கேபிளும் பீப் அடிக்கும். மோட்டாரின் சுமையை ஏற்றினால்தான் அதன் உண்மை தெரியும்.

‘புது பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பியதே’ என்ற வாதம் இதைவிட வலுவானது; கண்ணெதிரே நடந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பேட்டரி மாற்றும்போது வேறு என்னவெல்லாம் நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். பழைய டெர்மினல் கழற்றப்படுகிறது, வெண்பூச்சு சுரண்டப்படுகிறது, போல்ட் இறுக்கி முடுக்கப்படுகிறது. கோளாறு தீர்ந்தது அதனாலாகவும் இருக்கலாம்; பெயர் பேட்டரிக்குப் போய்விடுகிறது. அல்லது, புது பேட்டரியின் முறுக்கு கெட்ட இணைப்பையும் மீறிச் சில மாதம் இழுத்துப்போகும். பிறகு அதே சத்தம் மறுபடி கேட்கும்போது, ‘இந்தக் கம்பெனி பேட்டரியே சரியில்லை’ என்று பழி வேறிடம் போகிறது. நல்ல நிலையில் உள்ள பாகம் கையில் இருந்தால் மாற்றிப் பார்ப்பது தவறில்லை, விரைவான வழியும்தான். விலை கொடுத்து வாங்கி மாற்றிப் பார்ப்பதைத்தான் மறுக்கிறேன்; மின்சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் குறைவு.

இன்ஜின் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை என்றால் சிடிஐ மீது பாய்வதற்கு முன், அது எதை நம்பி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஏசி சிடிஐ உள்ள பழைய வண்டிகளுக்கு மேக்னெட் காயிலே மின்சாரம் தருவதால் பேட்டரி செத்தாலும் கிக்கரில் ஸ்பார்க் வரும். டிசி சிடிஐ வண்டிகளுக்கு பேட்டரி மின்சாரம் வந்தே ஆக வேண்டும். சாவி சுவிட்சின் ஒரு கெட்ட இணைப்பு போதும், சிடிஐ செத்ததுபோலத் தெரிய. பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்ப்பவர்கள் அதன் உடல் இன்ஜின் உலோகத்தைத் தொட்டிருக்கும்படி வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி வரும் பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியும் வைக்க வேண்டும். வயரிங்கில் எனக்கு முதல் சந்தேகம் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி. சாவியைப் போட்டு, ஹேண்டிலை இடமும் வலமுமாக முழுக்கத் திருப்பி நியூட்ரல் விளக்கைக் கவனியுங்கள். ஒரு பக்கம் போகும்போது விளக்கு துடித்தால், அங்கே உறைக்குள் செம்பு அறுந்திருக்கிறது. அடுத்த சந்தேகம் கப்ளர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் போன்றவற்றில் கப்ளர்களைப் பார்ப்பது கட்டாயம். தண்ணீர் வடிந்ததும் ஓடிய வண்டி, கப்ளருக்குள் பச்சைக் களிம்பு வளர்ந்து மாதங்கள் கழித்துப் படுத்துக்கொள்ளும். வாட்டர் வாஷில் அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீரும் அங்கேதான் புகுகிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) ஆகிவிட்டன, இனி ஸ்கேனர்தான், மீட்டருக்கு வேலையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சென்சார் கோளாறுகளுக்கு ஸ்கேனர் தேவை, அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அது காட்டும் கோளாறுக் குறியீடு, எந்தச் சுற்றில் அளவு தப்பியது என்றுதான் சொல்லும். சென்சார் கெட்டதா, அதன் கப்ளர் கழன்றதா என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும். எஃப்ஐ வண்டிக்கு வோல்டேஜ் இன்னும் முக்கியம்: இன்ஜினின் கணினியான இசியு, பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் எல்லாமே அந்தப் பேட்டரியை நம்பியிருப்பதால், பேட்டரி அடியோடு செத்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் பலிக்காது. சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி கேட்கும் பம்ப்பின் ரீங்காரம் கேட்கவில்லை என்றால், ஸ்கேனரைத் தேடும் முன் பியூஸையும் கில் சுவிட்சையும் பம்ப்புக்கு வரும் வோல்டேஜையும் பாருங்கள்.

வண்டி கிளம்பியதும் மீட்டரை உள்ளே வைத்துவிடாதீர்கள். 4,000, 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பன்னிரண்டரையிலேயே நின்றால் மேக்னெட் காயில், ரெகுலேட்டர், அவற்றின் கப்ளர் என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் புது பேட்டரியும் சில நாளில் இறங்கிவிடும். பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் ரெகுலேட்டரையும் இசியுவையும் சேர்த்துக் கொன்றுவிடக்கூடும். யார் கழற்ற வந்தாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.