ராத்திரி பேசியது காலையில் ஏன் ஞாபகமில்லை?

நம்பிக்கை: தூக்க மாத்திரை பழைய ஞாபகங்களை அழித்துவிடும்.

உண்மை: பழையதை அது தொடுவதில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடப்பவைதான் பதியாமல் போகின்றன. அல்பிரசோலாம், லோராசெபாம், சோல்பிடெம் மூன்றுமே மூளையை அடக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளுக்கு வலுவூட்டுபவை. தூக்கம் வருவது அதனால்தான். புது நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸும் கூடவே அடங்கிவிடுகிறது. எண்டோஸ்கோப்பிக்கு முன் போடும் மிடசோலாம் ஊசியில் இந்த மறதி ஒரு வசதி: தொண்டையில் குழாய் இறங்கியது பலருக்கு நினைவிருக்காது.

நம்பிக்கை: அப்படி மறப்பவர் அப்போதே உளறுவார், பார்த்தாலே தெரிந்துவிடும்.

உண்மை: பல நேரம் தெரியாது. மாத்திரை போட்ட அம்மா, படுக்காமல் மகளுக்கு போன் போடுகிறார். மருமகள் வளைகாப்புக்கு வளையல் எத்தனை டஜன், சித்ரான்னம் எத்தனை வகை என்று கணக்காகப் பேசுகிறார். விடிந்ததும், “ராத்திரி ஏன்டி ஒரு போன்கூடப் பண்ணல?” என்று கேட்கிறார். மகள் பதறிப்போய் அல்சைமரா என்று கூகுளில் தேடுகிறாள். முதலில் பார்க்க வேண்டியது தலைமாட்டில் கிடக்கும் மாத்திரை அட்டையை.

சிலர் அரைத்தூக்கத்தில் எழுந்து சமைத்திருக்கிறார்கள், காரே ஓட்டியிருக்கிறார்கள். இதனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இல் சோல்பிடெம் உட்பட மூன்று மருந்துகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நம்பிக்கை: டாக்டர் எழுதிய அளவுதானே, மறதி வராது.

உண்மை: வரலாம், அளவு கூடக்கூட வாய்ப்பும் கூடும். பெண்கள் உடலிலிருந்து சோல்பிடெம் மெதுவாகவே வெளியேறுகிறது என்பதால், அவர்களுக்கான தொடக்க அளவை 2013-இல் 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது எஃப்டிஏ. நம் ஊரில் அல்பிரசோலாமும் சோல்பிடெமும் எச்1 அட்டவணை மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எப்போதோ எழுதிய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்குகிறவர்களை என்ன சொல்வது!

நம்பிக்கை: இதிலேயே டிமென்ஷியா வந்துவிடும்.

உண்மை: தொடர்பு உண்டு என்ற ஆய்வும் இருக்கிறது, இல்லை என்ற ஆய்வும் இருக்கிறது. தூக்கம் கெடுவதே டிமென்ஷியாவின் ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம். முதியவர்களுக்குக் குழப்பமும் கீழே விழும் ஆபத்தும் கூடும் என்பதில் சந்தேகமில்லை.

நம்பிக்கை: பயமாக இருந்தால் இன்றே நிறுத்திவிடலாம்.

உண்மை: கூடாது. மாதக்கணக்கில் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை, போனை அணைத்து, கதவைப் பூட்டி, படுக்கையில் உட்கார்ந்த பிறகே மாத்திரையை வாயில் போடுங்கள்.