சோடியம் குறைந்ததா? ஊறுகாயை எடுக்காதீர்கள்

நம்பிக்கை: ரத்தத்தில் சோடியம் இறங்கினால் சாப்பாட்டில் உப்பைக் கூட்ட வேண்டும்.

எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் பல வீடுகளுக்கு இது பழகிய கதை. பெரியவர் இரண்டு நாளாகத் தளர்ந்து கிடக்கிறார், பேச்சு குழறுகிறது, மகளை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 122. "உப்பு இறங்கிப்போச்சாம்" என்று சொல்லி, மோரில் உப்பைத் தூக்கலாகப் போட்டு, தட்டில் ஊறுகாயும் அப்பளமும் வைக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் பலருக்கு இதனால் பயனில்லை. சிலரை இது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும்.

உண்மை: பரிசோதனைத் தாளில் 135 முதல் 145 வரை இயல்பு என்று போட்டிருப்பது ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தியை மட்டுமே. உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. ரசத்தில் தண்ணீர் கூடிப்போனாலும் உப்பு குறைந்ததாகத்தான் நாக்குக்குத் தெரியும். முதியவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வெளியேற வேண்டிய நீர் வெளியேறாமல் தங்கிவிடுகிறது.

அதற்குக் காரணங்கள் பல. முதலில் பார்க்க வேண்டியது மாத்திரைப் பெட்டியை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின் ஆகியவை சோடியத்தை இறக்கக்கூடியவை. நிமோனியாவும் தைராய்டு குறைபாடும்கூட இதைச் செய்யும். இதயம் பலவீனமானவரின் உடம்பிலோ உப்பும் நீரும் இரண்டுமே தேவைக்கு மேல் தேங்கியிருக்கும். உப்பைவிட நீர் அதிகமாகத் தேங்குவதால் ரத்தத்தில் எண் குறைந்து தெரியும். கால் வீங்கிய அந்த மனிதருக்கு ஊறுகாய் கொடுப்பது நுரையீரலில் நீர் கோக்க வழி செய்வது. அவருக்கு மருத்துவர் பெரும்பாலும் தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே குறைக்கச் சொல்வார்.

பல் போய், பசி போய், கஞ்சியும் காபியும் தண்ணீருமாகக் காலம் தள்ளும் பாட்டிமார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நீரை வெளியேற்ற வேண்டுமானால் உப்பும் புரதச் செரிமானத்தில் வரும் யூரியாவும் அதற்கு வேண்டும். வெறும் கஞ்சியில் இரண்டும் போதாது. இவருக்கு உப்பு தேவைதான். அதோடு முட்டையோ பருப்போ மீனோ சேர வேண்டும். வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் உப்பை இழந்தவருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலே மருந்து. அளவு ஒன்றே, காரணம் வேறு வேறு, சிகிச்சை நேர் எதிரானது. அதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. குழப்பமோ வலிப்போ வந்தால் அது அவசர நிலை. பல நாட்களாக இறங்கியிருந்த சோடியத்தை மருத்துவமனையிலேயே மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து நிரந்தரப் பாதிப்பு வரலாம். "இன்னும் ஏன் ஏறவில்லை" என்று மருத்துவரிடம் கோபிக்கும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்பிக்கை: பரிசோதனையில் சோடியம் சரியாக இருக்கிறது, அதனால் நான் அதிக உப்பு சாப்பிடவில்லை.

தினம் 15 கிராம் உப்பு சாப்பிடுபவருக்கும் அந்த எண் 140 என்றே வரலாம். தாகத்தாலும் சிறுநீரகத்தாலும் உடம்பு அதைக் கட்டிக் காக்கிறது. அதற்கான விலையைப் பலர் ரத்த அழுத்தமாகக் கொடுக்கிறார்கள். சாப்பிட்ட உப்பின் கணக்கு 24 மணி நேரச் சிறுநீரில்தான் தெரியும். அந்தப் பரிசோதனை இல்லாமலே தோராயமாக அறிய ஒரு வழி உண்டு: ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று குறித்துவையுங்கள். நான்கு பேருக்கு ஒரே மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம். ஹோட்டல், பேக்கரி, கருவாடு எல்லாம் அதற்கு மேல். இந்தியர்களின் சராசரியும் 8 கிராம் என்றே 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் கீழே, அதாவது 2 கிராம் சோடியம்.

நம்பிக்கை: இந்துப்பும் கல் உப்பும் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

கூடாது. இரண்டும் சோடியம் குளோரைடுதான். இந்துப்புக்கு நிறம் தரும் தாதுக்கள் உடம்புக்குப் பயன்படும் அளவில் இல்லை. பல நேரம் அதில் அயோடின் சேர்க்கப்பட்டிருப்பதும் இல்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

நம்பிக்கை: வெயில் நாட்டுக்காரர்களுக்கு உப்பு அதிகம் வேண்டும்.

உப்பளத்திலும் கட்டட வேலையிலும் நாள் முழுக்க வியர்ப்பவருக்கு உப்பிட்ட மோர் நியாயம். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வெயில் பழகப் பழக வியர்வையில் போகும் உப்பையும் உடம்பு குறைத்துக்கொள்கிறது.

இப்போது கடைகளில் கிடைக்கும் குறைந்த சோடிய உப்பை நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு: பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது, இறப்புகள் 12 விழுக்காடு. அவர்களும் நம்மைப் போல உப்பை வீட்டுச் சமையலில் போடுகிறவர்கள் என்பதால் இந்த முடிவு நமக்கு நெருக்கமானது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.